வெயிலூரில் ஒரு குறைந்த எண்

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் உச்சிவேளையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே மழைக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு ஒருநாளும் இல்லை. கரிசல் மண் வாய்பிளந்து கிடக்கும். வரப்போரத்து வேப்பமரம் ஒன்றுதான் நிழல். கிழக்கே அரியலூர் மாவட்டத்துக்குள் போனால் சுண்ணாம்புக்கல் மைன்ஸ். வெட்டிய வெள்ளைப் பாறை, மேலே இருந்து விழும் வெயிலைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும்.

இந்த மண்ணில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கற்பனைதான். ஆனால் இவரைப் போன்றவர்கள் எந்த அரசு மருத்துவமனையின் புறநோயாளி வரிசையிலும் நிற்கிறார்கள். வயது ஐம்பத்தைந்து. வெங்காய நடவு, பருத்தி எடுப்பு, களைவெட்டு என்று முப்பது வருடமாகக் காட்டு வேலை. பத்து வருடமாகச் சர்க்கரை. கால் குடைச்சல், அசதி என்று போனபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது. பக்கத்தில் 'குறைவு' என்று அச்சடித்த குறிப்பு. அதே மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில், விழித்திரையில் ரத்தக் கசிவு இருக்கிறது, திருச்சிக்குப் போய்க் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு சீட்டும் ஒரே மஞ்சள் பைக்குள். மகன் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்கிறான்: "வெயில்லயே கெடக்குற அம்மாவுக்கு வெயில் சத்து எப்படிங்க கொறையும்? அதுனாலதான் கண்ணு கெட்டுச்சா?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதலாவதற்கு ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதற்குப் பல நாட்டு ஆய்வாளர்கள் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடுகிறார்கள். அவர்கள் தேடும் விதத்தைத் தெரிந்துகொண்டால், நாளிதழில் தினமும் வரும் 'இந்தச் சத்து குறைந்தால் அந்த நோய்' என்ற செய்திகளை எடைபோடவும் வழி தெரிந்துவிடும்.

முதலில் அந்தச் சத்தின் கதை. 1919-இல் இரண்டு ஊர்களில் இரண்டு சோதனைகள் நடந்தன. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே அடைத்து, ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்தார். அவற்றின் கால் எலும்புகள் வளைந்தன. அன்று ஐரோப்பிய நகரத்துக் குழந்தைகளை வாட்டிய ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய் அப்படியே வந்தது. காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் தேறின. ஆகவே உணவில்தான் ஏதோ குறை என்றார் அவர். பெர்லினில் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி அதே நோய் கண்ட குழந்தைகளைப் பாதரச ஆவி விளக்கின் வெளிச்சத்தில் படுக்க வைத்தார். எண்ணெய் இல்லாமலே எலும்புகள் உறுதிப்பட்டன. ஆகவே வெளிச்சம்தான் மருந்து என்றார் இவர். எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளையும் இணைக்கும் துப்பு பெர்லினிலேயே இருந்தது. ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படவைத்தாலும் மற்றக் கையின் எலும்பும் குணமானது. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் போகிறது என்றுதானே பொருள்? மீன் எண்ணெயில் இருப்பதும் அதுவே.

அமெரிக்காவின் எல்மர் மெக்காலம் 1922-இல் மீன் எண்ணெயைச் சூடாக்கி, காற்றைச் செலுத்தி, அதிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்துப் பார்த்தார். அப்போதும் ரிக்கெட்ஸ் குணமானது. ஏ, பி, சி மூன்றும் பெயர் பெற்றுவிட்டதால் இதற்கு டி கிடைத்தது. உடம்பால் செய்துகொள்ள முடியாததைத்தான் வைட்டமின் என்பார்கள். இதையோ வெயில் கிடைத்தால் உடம்பே செய்துகொள்கிறது. நியாயமாகப் பார்த்தால் இது வைட்டமின் வேடம் போட்ட ஒரு ஹார்மோன், அதாவது இயக்குநீர்.

செய்முறை இப்படி. தோலில் கொலஸ்ட்ராலின் உறவுக்காரப் பொருள் ஒன்று எப்போதும் இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை மட்டும் அதன் வளையங்களில் ஒன்றை உடைக்கிறது. உடைந்த பொருள் உடற்சூட்டில் மெதுவாக வைட்டமின் டி ஆகிறது. அதன்பின் இரண்டு பட்டறைகள்: ஈரலில் ஒரு வேலை, சிறுநீரகத்தில் ஒரு வேலை. ஈரலில் ஆவது சேமிப்பு வடிவம், ரத்தத்தில் வாரக்கணக்கில் நிற்கும். சிறுநீரகத்தில் ஆவது செயல் வடிவம், சில மணி நேரமே நிற்கும். வீட்டில் நெல் இருப்பு எவ்வளவு என்று அறிய அடுப்பில் வேகும் சோற்றைப் பார்க்க மாட்டோம், நெற்குதிரைத் திறந்து பார்ப்போம். பரிசோதனைக் கூடம் அளப்பதும் குதிரில் உள்ள அந்தச் சேமிப்பைத்தான். சீட்டில் உள்ள 14 என்பது ஒரு மில்லிலிட்டரில் 14 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி அதில் பதினான்கு பங்கு.

சரி, காட்டிலேயே கிடப்பவருக்கு இது ஏன் குறைகிறது?

'காலை இளவெயில் உடம்புக்கு நல்லது' என்று நம் ஊரில் சொல்லாதவர் இல்லை. இளவெயில் கண்ணுக்கும் மனதுக்கும் இதம்தான்; வைட்டமின் டி-க்கு மட்டும் அதனால் பயன் மிகக் குறைவு. சூரியன் சாய்ந்திருக்கும்போது அதன் கதிர்கள் காற்று மண்டலத்தின் ஊடாக நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன், 'பி' கதிர்களை வடிகட்டிவிடுகிறது. திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் இதை நேரடியாகவே சோதித்தார்கள். தோலில் உள்ள அந்த மூலப்பொருளைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கொரு முறை வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரைதான் மாற்றம் உச்சம். திருப்பதிக்குத் தெற்கே இரண்டு பாகை தள்ளியுள்ள பெரம்பலூரிலும் கணக்கு ஏறக்குறைய இதுவே. கருவி இல்லாமல் அறிய ஒரு வழி: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் 'பி' கதிர் இறங்குகிறது.

அந்த நேரத்தில் நம் பெண் எப்படி இருக்கிறார்? சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு, அது கன்னத்தையும் சுற்றி. சோளத் தோகை அறுக்கும், வெயில் சுடும், ஆகவே இந்த உடுப்பு அறிவுள்ள உடுப்பு. ஆனால் கதிர் படும் தோல் புறங்கையும் முகத்தில் பாதியும்தான். காட்டு வேலையும் பல நாள் விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும்போது முடிந்துவிடுகிறது. கருந்தோலின் மெலனின் நிறமி இயற்கைக் குடை. அதே அளவு சத்துக்கு அதிக நேரம் வெயில் வேண்டும். வயது ஏற ஏறத் தோலில் மூலப்பொருளும் குறையும்.

திருப்பதிக் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இது எண்களாகத் தெரிந்தது. வைட்டமின் டி அளவு 20-க்குக் கீழே இருந்தவர்கள் கிராமத்து ஆண்களில் 100-க்கு 44 பேர், கிராமத்துப் பெண்களில் 70 பேர். நகரத்தில் இருவரும் இன்னும் மோசம். வெயில் உதவத்தான் செய்கிறது, அது மட்டும் போதவில்லை என்று அந்த எண்கள் சொல்கின்றன.

அதே ஆய்வு இன்னொன்றையும் சுட்டியது: உணவில் கால்சியம் குறைவு. அரியலூரை நினைத்தால் இது மனதை உறுத்தும். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலின் கிளிஞ்சல்களும் நுண்ணுயிர் ஓடுகளும் படிந்து இறுகியதுதான் இன்று சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் சுண்ணாம்புக்கல். அத்தனையும் கால்சியம் கார்பனேட். காலுக்குக் கீழே மலையளவு கால்சியம், தட்டில் மட்டும் தட்டுப்பாடு. கால்சியம் போதாதபோது உடம்பு செயல் வடிவத்தை அதிகம் தயாரிக்கிறது. அது சேமிப்பு வடிவத்தின் அழிவையும் வேகப்படுத்துகிறது. குதிர் சீக்கிரம் காலியாகிறது. பாலும் தயிரும் மோரும் கீரையும் கேழ்வரகும் இல்லாத சோற்றுக்கும் ரத்தத்தில் உள்ள அந்த 14-க்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு.

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இனி கண்.

'சுகர்ல கண் நரம்பு போயிடுச்சு' என்று ஊரில் சொல்வார்கள். நரம்பு என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் ரத்தநாளத்தை. கேமராவில் பிலிம் இருந்த இடத்தில் கண்ணில் விழித்திரை இருக்கிறது. அதற்கு உணவு கொண்டுவருவது தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள். பெரம்பலூர் விவசாயிக்கு இதைச் சொட்டுநீர்ப் பாசனத்தை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். மெயின் பைப்பிலிருந்து சின்னக் குழாய்கள், அவற்றின் வழியே ஒவ்வொரு செடிக்கும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஓடும் குழாய் என்ன ஆகும்? உள்ளே சுண்ணாம்பு படியும், துளை அடைக்கும், சுவர் நொய்ந்து ஆங்காங்கே புடைத்துக் கசியும். சர்க்கரை மிகுந்த ரத்தம் பல ஆண்டு ஓடிய தந்துகிக்கும் கிட்டத்தட்ட இதே கதி. தந்துகியை வெளியிலிருந்து கட்டிப்பிடித்திருக்கும் செல்கள் உண்டு. பெரிசைட் என்பார்கள், தமிழில் தழுவுசெல் எனலாம். முதலில் சாவது அவை. பிடி தளர்ந்த இடத்தில் தந்துகி குமிழ்போல் புடைக்கிறது. மருத்துவர் படத்தில் பார்க்கும் முதல் சிவப்புப் புள்ளி அந்தக் குமிழ்.

அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கையானது, ஆபத்தானதும்கூட. அடைப்பினால் பட்டினி கிடக்கும் விழித்திரைப் பகுதி, 'எனக்குத் தண்ணீர் வரவில்லை' என்று ஒரு புரதத்தைச் சுரந்து தகவல் அனுப்புகிறது. வி.இ.ஜி.எஃப். என்று சுருக்கி அழைக்கப்படும் அதை நாளம் வளர்க்கும் புரதம் எனலாம். அழைப்பைக் கேட்டுப் புதிய நாளங்கள் முளைக்கின்றன. அவசரத்துக்கு இழுத்துவிட்ட மட்டமான ஹோஸ் பைப் போன்றவை அவை. எளிதில் கிழிந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, பார்வையை மறைத்துவிடும். பிறகு வடுவாகச் சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பெயர்க்கவும் செய்யும்.

இதில் கொடுமை, வலியே இல்லை. குமிழ் புடைப்பதும் கசிவதும் பார்வையின் நட்டநடுப் புள்ளியைத் தொடாதவரை ஆளுக்கு எதுவும் தெரியாது.

எத்தனை பேருக்கு? ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளிவந்த 'இண்டியாப்' ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' கண் ஆய்வு 2005-இல் சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பைக் கண்டது. காஞ்சிபுரம், திருவள்ளூர் கிராமங்களில் சங்கர நேத்ராலயா கண்ட அளவு 10.3 சதவீதம்.

இப்போது மகனின் இரண்டாம் கேள்வி. டி குறைந்ததனால்தான் கண் கெட்டதா?

அப்படி நினைக்க நியாயம் இருக்கிறது. வைட்டமின் டி-யின் செயல் வடிவம் போய் ஒட்டும் ஏற்பிகள் எலும்பில், குடலில் மட்டும் இல்லை. விழித்திரைச் செல்களிலும் உள்ளன. சாவித் துவாரம் இருக்கும் இடத்தில் சாவிக்கு ஏதோ வேலை இருக்கும் அல்லவா? 2007-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டேனியல் ஆல்பர்ட் குழுவினர் எலிக்குஞ்சுகளில் சோதித்தார்கள். குஞ்சுகளை ஆக்சிஜன் மிகுந்த காற்றில் சில நாள் வைத்துவிட்டுச் சாதாரணக் காற்றுக்கு மாற்றினால், விழித்திரை மூச்சுத்திணறி நாளம் வளர்க்கும் புரதத்தைச் சுரக்கும், கோணல்மாணலாக நாளங்கள் முளைக்கும். அந்தக் குஞ்சுகளுக்கு டி-யின் செயல் வடிவத்தைக் கொடுத்தபோது புதிய நாளங்கள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்தன. வியப்பான முடிவு. ஆனால் அந்தக் குஞ்சுகளுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. கொடுத்த அளவில் அவற்றின் ரத்தக் கால்சியம் ஏறி, எடையும் குறைந்தது. மனிதருக்கு அப்படியே எடுத்துவர முடியாத மருந்து.

மனிதர்களிடம் செய்தவை பெரும்பாலும் எண்ணிப் பார்க்கும் ஆய்வுகள். சர்க்கரை உள்ளவர்களை வரிசையாக அழைத்து, ரத்தம் எடுத்து, கண்ணையும் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவது. மருத்துவக் கல்லூரி இருக்கும் எந்த ஊரிலும் செய்யக்கூடியது. பெரம்பலூரிலும் இருக்கிறது, 2022-இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இத்தகைய 14 ஆய்வுகளை, சுமார் 10,000 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்து 2017-இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. டி குறைந்தவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு இருக்கும் சாத்தியம் சுமார் கால் பங்கு கூடுதல் என்றது அது. ஆக, இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன. இதில் சந்தேகம் குறைவு.

சேர்ந்து காணப்படுவதால் ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று ஆகிவிடுமா? மழை பொய்த்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் ஏரி வற்றுகிறது. அதே மாதத்தில் சந்தையில் ஆட்டு விலை சரிகிறது, தீவனம் இல்லாமல் எல்லோரும் விற்க வருவதால். பத்து வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தால் ஏரி வற்றும்போதெல்லாம் ஆட்டு விலை இறங்கியிருக்கும். அதை நம்பி ஏரியில் நாலு டேங்கர் தண்ணீரைக் கொட்டினால் ஆட்டு விலை ஏறுமா? இரண்டுக்கும் பின்னால் இருப்பது மழை.

வைட்டமின் டி-க்கும் கண்ணுக்கும் பின்னால் அப்படி மறைந்து நிற்கும் மழை எது? ஒன்றல்ல, பல. உடல் கொழுப்பு கூடினால் டி அதில் கரைந்து ஒதுங்கிவிடுகிறது, ரத்தத்தில் குறைகிறது; அதே கொழுப்பு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. சிறுநீரகம் இன்னொன்று. கண்ணின் தந்துகி கெடும் அதே காரணத்தால் சிறுநீரகத்தின் தந்துகியும் கெடுகிறது. கெட்ட சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிடும்போது, டி-யைச் சுமந்து செல்லும் புரதமும் சிறுநீரோடு போய்விடுகிறது. உடலில் அழற்சி இருந்தாலே இந்த எண் இறங்கும். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களை முன்னும் பின்னும் சோதித்தபோது, ஓரிரு நாளிலேயே டி அளவு வெகுவாகச் சரிந்தது தெரிந்தது. அவர்கள் வெயிலை இழந்தது அந்த ஓரிரு நாள்தான். குதிர் அவ்வளவு வேகமாகக் காலியாகாது. அறுவைச் சிகிச்சையின் காயமே எண்ணை இறக்கியது.

இவற்றைவிட எளிய ஒன்று இருக்கிறது, அதையே பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கண் மங்கியவர் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார். வரப்பில் கால் தடுக்கும், ரோட்டில் வண்டி தெரியாது. சர்க்கரையால் கால் மரத்துப்போனவரும் திண்ணையோடு நின்றுவிடுகிறார். வெயில் போச்சு, டி-யும் போச்சு. இங்கே கண்தான் காரணம், குறைந்த டி விளைவு. ஒரே நாளில் ரத்தத்தையும் கண்ணையும் சோதிக்கும் ஆய்வுக்கு எது முந்தி, எது பிந்தி என்று தெரியவே தெரியாது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க ஒரு வழி உண்டு: குலுக்கல். பல நூறு பேரைச் சேர்த்து, யாருக்கு டி மாத்திரை, யாருக்கு அதைப்போலவே தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது. கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. சோழர் காலத்து உத்திரமேரூரில் குடத்துக்குள் ஓலைகளைப் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்: யாருடைய விருப்பமும் தேர்வுக்குள் நுழையக் கூடாது. குலுக்கினால் குண்டானவரும் ஒல்லியானவரும், வெயிலில் திரிபவரும் வீட்டிலிருப்பவரும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடுவார்கள். மழை இரு ஊரிலும் ஒன்றாகிவிடும். அதற்குப் பின்னும் வித்தியாசம் வந்தால் அது மாத்திரையின் வேலை.

கண்ணுக்கு முன், சர்க்கரை நோயையே வராமல் டி தடுக்குமா என்று இப்படிச் சோதித்த 'டி2டி' ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 2,423 அமெரிக்கர்கள். ஒரு பாதிக்குத் தினமும் 4,000 யூனிட் வைட்டமின் டி. சுமார் இரண்டரை ஆண்டு முடிவில் மாத்திரை வாங்கியவர்களில் 293 பேருக்கும், வெற்று மாத்திரை வாங்கியவர்களில் 323 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. முப்பது பேர் குறைவு. ஆனால் தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வரக்கூடும் என்பதால் ஆய்வாளர்களே வெற்றி என்று சொல்லவில்லை. இத்தகைய மூன்று ஆய்வுகளின் விவரங்களை 2023-இல் ஒன்றாகச் சேர்த்தபோது 15 சதவீதக் குறைவு தெளிவாகத் தெரிந்தது. 25,871 பேரைக் கொண்ட 'வைட்டல்' என்ற மிகப் பெரிய ஆய்வில், புற்றுநோயும் மாரடைப்பும் வராமல் தடுக்க வைட்டமின் டி உதவவில்லை. அந்த ஆய்வின் ஒரு கிளை சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தைக் கவனித்தது. அங்கும் பலன் தெரியவில்லை. கண்ணுக்கு நெருங்கிய உறவு சிறுநீரகத் தந்துகி என்பதால் அந்த முடிவு கவனிக்கத்தக்கது.

ஆனால் இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பலருக்கு டி ஏற்கெனவே போதுமான அளவு இருந்தது. டி2டி-யில் தொடக்கச் சராசரி 28. நிரம்பிய குதிரில் இன்னும் நெல்லைக் கொட்டி என்ன பயன் என்று பார்த்தது போல. 14 உள்ள நம் பெண்ணுக்கு அந்த விடை அப்படியே பொருந்துமா? அதைத் தீர்மானிக்க வேண்டுமானால், உண்மையிலேயே டி குறைந்த, சர்க்கரை உள்ள, விழித்திரையில் தொடக்கப் பாதிப்பு கண்டவர்களைச் சேர்த்துக் குலுக்கிப் பிரித்து, சில ஆண்டுகள் தொடர்ந்து விழித்திரைப் படம் எடுத்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாதவரை வைத்துப் புள்ளிகளை எண்ண வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் கிடைப்பதற்கு மத்திய தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

இதற்கிடையில் மருந்துக் கடையில் அறுபதாயிரம் யூனிட் பாக்கெட் தாராளமாகக் கிடைக்கிறது. வாரம் ஒன்று என்ற கணக்கில் சில வாரங்களுக்கு மருத்துவர் எழுதுவது. அதன் வலுவை உணர ஒரு சின்னக் கணக்கு. ரத்தத்தின் நீர்ப்பகுதி உடம்பில் சுமார் 3 லிட்டர். அளவு 20 என்று வைத்தால் ரத்தத்தில் சுற்றும் மொத்தச் சேமிப்பு 60 மைக்ரோகிராம். ஒரு பாக்கெட்டில் இருப்பது 1,500 மைக்ரோகிராம். வாரம் ஒன்று என்பதை நாளுக்கொன்று என்று புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள், கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாகச் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வந்த நிகழ்வுகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வெயிலால் இந்த ஆபத்து வராது. தேவைக்கு மேல் உண்டானதைத் தோலே வெயிலைக் கொண்டு பயனற்ற பொருளாக மாற்றிவிடும். பாக்கெட்டுக்கு அந்தக் காவல் இல்லை. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்த சர்க்கரை நோயாளி இதைத் தானாக வாங்கிச் சாப்பிடுவது பெரிய தவறு.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 20 போதும் என்று அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் 2011-இல் சொன்னது. அதே ஆண்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024-இல் அந்தச் சங்கமே தன் எல்லைக்கோடுகளைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை வேண்டியதில்லை என்றது. நம் பெண்ணின் 14 எந்தக் கோட்டின்படியும் குறைவுதான். எலும்புக்காக, கால் வலிக்காக அதைச் சரிசெய்ய வேண்டும். கண்ணுக்கு அது மருந்து என்று எண்ணி இருந்துவிடக் கூடாது, அவ்வளவே.

ஏனென்றால் கண்ணுக்கு நிரூபணமான வழிகள் இருக்கின்றன. குலுக்கல் முறையிலேயே நிரூபணமானவை. முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள 1,441 பேரைக் கொண்ட 'டிசிசிடி' ஆய்வு 1993-இல் காட்டியது: சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76 சதவீதம் குறைகிறது. பிரிட்டனின் 'யுகேபிடிஎஸ்' 1998-இல் காட்டியது: இரண்டாம் வகை நோயாளிகளிடம் ரத்த அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தால் கண் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைகிறது. பாதிப்பு முற்றியபின்னும் லேசர் இருக்கிறது. 1976-இலேயே அது கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்று தெரிந்துவிட்டது. சொட்டுநீர்க் கணக்கில் சொன்னால், தண்ணீர் எட்டாத ஓர வரிசைச் செடிகளைக் களைந்து நடுவில் உள்ளதைக் காப்பாற்றுவது. ஓரம் அமைதியானால் 'தண்ணீர் இல்லை' என்ற கூக்குரலும், அதைக் கேட்டு முளைக்கும் நாளங்களும் அடங்குகின்றன. அந்தக் கூக்குரல் புரதத்தையே நேரடியாக முடக்கும் ஊசிகளும் வந்துவிட்டன.

இவையெல்லாம் பலிக்க ஒரே நிபந்தனை, நேரத்தோடு தெரிய வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது; வாங்கிப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம். ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் படம் எடுத்துக்கொள்பவர்கள் அந்த அளவுக்கு இல்லை. 'எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியுதே, எதுக்குக் கண் டெஸ்ட்டு?' என்று கேட்பவரின் விழித்திரை ஓரத்தில் சிவப்புப் புள்ளிகள் இருக்கக்கூடும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது இந்தச் சோதனை ஆகாது.

படம் எடுப்பதற்குமுன் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அரை மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். படம் எடுக்கச் சில நிமிடம். வலி இல்லை, ஊசி இல்லை. அதன்பின் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும், வெயில் கண்ணைக் கூசும். ஆகவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். தானே டூவீலர் ஓட்டித் திரும்பக் கூடாது. தலையில் சுற்றியிருக்கும் அந்தத் துண்டை நம் பெண் அன்று நெற்றிக்குக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொண்டு, மகனின் கையைப் பிடித்தபடி பேருந்து ஏறினால் போதும்.